குளிரில் வைத்த தித்திப்பு

எங்கள் கட்டடத்து மாடிப்படியில் தேன் கேக் வாசனை அடித்தால் யாருக்கும் நாக்கில் எச்சில் ஊறாது. மூன்றாம் மாடியில் மெய்ராம் குப்பி குலுக்குகிறான் என்று புரிந்துகொண்டு அவரவர் கதவைச் சாத்திக்கொள்வோம். அடுப்பே பற்றவைக்காத வீட்டிலிருந்து கேக் வாசனை வருவது நல்லதுக்கில்லை என்று நான் அப்போதே சொன்னேன். முடி வெட்டுகிறவள் பேச்சை யார் மதிக்கிறார்கள்? எதிர்வீடு என்பதால் நான் பொறாமையில் பேசுவதாக என் வீட்டுக்காரரே சொன்னார். அவர் சொல்லத்தான் செய்வார். மெய்ராம் கலக்கித் தருவதை வாங்கி, வேப் என்கிற மின்சிகரெட்டில் ஊற்றி ஊதிக்கொண்டிருந்தவர்களில் அவரும் ஒருவர்.

மெய்ராம் கெட்டவன் இல்லை, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் பழுது பார்க்கிறவன். எங்கள் கரகண்டா நகரத்தில் பாதி லிஃப்ட்டுகள் அவன் கைபட்டுத்தான் ஏறி இறங்குகின்றன. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது, அது வேறு விஷயம். அவன் அப்பா சுரங்கத்தில் கரித்தூளையும் வெளியே மட்ட சிகரெட்டையும் மாற்றி மாற்றி இழுத்து, கடைசியில் படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே செத்துப்போனார். நாற்பதாம் நாள் சடங்கு முடிந்த கையோடு அவன் அம்மா பல்ஜான் அவனைக் கூப்பிட்டு, இனி இந்த வீட்டில் சிகரெட் நாற்றம் வந்தால் உன் அண்ணன்மார் வீட்டுக்குப் போய்விடுவேன் என்றார். அவன் கடைக்குட்டி. எங்களில் தாயை வைத்துக்கொள்வது கடைக்குட்டியின் பங்கு. தாய் வேறு பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டால் அவன் ஊரில் தலைகாட்ட முடியாது.

அப்படித்தான் சிகரெட் போய் வேப் வந்தது. அதில் ஊற்றக் கடையில் விற்ற புகையிலை வாசனைத் தைலத்தைப் பல்ஜான் அம்மா ஜன்னல் வழியாக எறிந்தார். பழ வாசனை அவருக்கு இருமல் கொடுத்தது. அப்போதுதான் மெய்ராமுக்கு அந்த யோசனை பிறந்தது. அம்மாவுக்குப் பிடித்த வாசனையைத் தானே கலந்துவிடுவது என்று.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் சமையலறை மேசையில் சின்னத் தராசும் ரப்பர் மூடி போட்ட சொட்டுக்குழாய்களும் பழுப்புக் குப்பிகளுமாக உட்கார்ந்திருந்தான். வெண்ணெய் பிஸ்கட், கெட்டிப்பால், கஸ்டர்டு, கருகிய சர்க்கரை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சாரம். தேன் சாரம் என்று ஒன்றைத் திறந்து என் மூக்கில் காட்டினான். சத்தியமாகச் சொல்கிறேன், பூனை மூத்திரம். மற்றவற்றோடு துளியளவு சேர்ந்து, இருட்டில் சில வாரம் ஊறினால்தான் அது தேனாகுமாம். ஒரு சொட்டு கூடினால் மறுபடி பூனைதானாம். சாரங்களை வெயில் படாமல், காற்றுப் புகாமல், குளிரில் வைக்க வேண்டும். புதினா சாரத்தை மட்டும் தனி டப்பாவில் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் மொத்தச் சரக்கும் பற்பசையாகிவிடும். கோடையில் அவன் குப்பிகளைக் குளிர்பெட்டியில் வைத்து, வெண்ணெயெல்லாம் வெனிலா வாடை அடிக்கிறது என்று அவன் பெண்டாட்டி குராலையிடம் திட்டு வாங்கினான். குளிர்காலத்தில் பிரச்சினை இல்லை. கண்ணாடி அடைத்த பால்கனி போதும்.

கடைசியில் அது வாய்த்தது. மெய்ராம் ஒருமுறை ஊதினான், பல்ஜான் அம்மா கண்ணை மூடி முகர்ந்தார். “இது என் வாசனைடா,” என்றார். அதன் பிறகு மகன் ஊதும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். எனக்கு அதைப் பார்க்கவே ஒரு மாதிரி இருக்கும்.

என் வாசனை என்று அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கள் கசாக் பேச்சில் ‘பல்’ என்றால் தேன். அதனால் அந்த வீட்டு மருமகள் தேன் என்ற சொல்லை வாயால் சொல்லக் கூடாது, மாமியார் பெயரைச் சொன்னதாகிவிடும். இப்போதைய பெண்கள் இதையெல்லாம் விட்டுவிட்டார்கள். குராலை விடவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்குத் தேன் ‘தித்திப்பு’தான். பால்கனியை நாங்கள் பல்கோன் என்போம், அதிலும் பல் வந்து தொலைக்கிறதே, அதனால் அவளுக்கு அது ‘குளிர்’. தித்திப்பு எங்கே என்றால் குளிரில் இருக்கிறது என்பாள். புதிதாக வருகிறவர்கள் முழிப்பார்கள். நானும் அவளைக் கேலி செய்து அலுத்து, பிறகு நானே அப்படிப் பேச ஆரம்பித்துவிட்டேன்.

வேப் விற்கவோ கொண்டுவரவோ கூடாது என்று சட்டம் வந்தது. கடைகள் மூடின. மூடுகிற கடை ஒன்றிலிருந்து மெய்ராம் நிக்கோட்டின் தண்ணீரை மொத்தமாக வாங்கி வந்தான். அது ஊதுகிற பக்குவத்தில் இருப்பது இல்லை. பல மடங்கு கலந்து இறக்க வேண்டிய மூலச் சரக்கு. அதைத் தொடும்போது மட்டும் அவன் கையுறை போடுவான். பார்க்கத் தண்ணீர்தான், நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. அதை வீட்டில் வைத்திருந்தால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து, கேக் கடைக்காரர்கள் பாகு வைக்கிற உயரமான குப்பியில் ஊற்றி, தன் தேன் கேக் சாரத்தையும் முன்கூட்டியே அதில் கலந்து பழுப்பாக்கி, பால்கனியில் குராலையின் ஜாம் ஜாடிகளோடு வரிசையாக நிறுத்தினான். யார் வந்து மூடியைத் திறந்தாலும் தேன் மணக்கும். சாரங்கள் இருந்த பெட்டிக்குப் பூட்டு இருந்தது. இந்தக் குப்பி பெட்டியில் அடங்காத உயரம். அதன்மேல் மார்க்கர் பேனாவால் ‘தித்திப்பு’ என்று எழுதியிருந்தான்.

பெண்டாட்டி சொல்லை அவன் திருடிக்கொண்டான் என்றுதான் சொல்ல வேண்டும். சட்டம் வந்த பிறகு கூட்டாளிகள் போனில் பேசுவதே அந்தச் சொல்லில்தான். “தித்திப்பு இருக்காண்ணே?” என்று கேட்பார்கள், ஒட்டுக்கேட்கிற போலீஸ்காரனுக்குக்கூட வாயில் நீர் ஊறும். மெய்ராமுக்கு அதில் ஒரு பெருமை. ஆனாலும் மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டால் அவன் முகம் வெளுத்துவிடும். சிறைக்குப் போனால் அம்மா அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள் என்பதுதான் அவன் பயமெல்லாம். ஆபத்து கதவைத் தட்டிக்கொண்டு வரும் என்றே நம்பியிருந்தான்.

அவன் மகன் சன்ஜாருக்கு இலையுதிர்காலத்தில் கல்யாணம் ஆனது. மருமகள் அய்சுலு அல்மாத்தியில் படித்த பெண், மெலிந்த உடம்பு, சத்தம் போடாத நடை. பெருநகரத்துப் பெண் என்ன பணிவாக இருந்துவிடப் போகிறாள் என்று நான் நினைத்தேன். அவள் வந்த முதல் வாரமே குராலையின் சொற்களையெல்லாம் கற்றுக்கொண்டு தித்திப்பு, குளிர் என்று பேச ஆரம்பித்துவிட்டாள். பெரியவர் பல்ஜான் அம்மாவுக்கு அதில் உச்சி குளிர்ந்துபோயிற்று. மாமனாரின் பூட்டிய பெட்டியைத் தொடக் கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். ஜாடி வரிசையைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

பிப்ரவரியில் பல்ஜான் அம்மாவுக்கு எழுபத்தைந்து நிறைந்தது. அண்ணன்மார், அக்காமார், பேரப்பிள்ளைகள் என்று வீடு பிதுங்கியது. நான் என் வீட்டு ஸ்டூல்களையெல்லாம் தூக்கிக்கொண்டு போய், வெங்காயம் நறுக்கக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். புது மருமகள் பெரியவருக்காகத் தன் கையால் முதல் பண்டம் செய்ய வேண்டும். அய்சுலு தேன் குவியல் செய்கிறேன் என்றாள். மாவைத் துண்டு துண்டாகப் பொரித்து, தேன்பாகில் புரட்டி, குன்றுபோல் குவித்து வைப்பது. கரணம் தப்பினால் பல் உடையும் பண்டம்.

பாகு பாதியிலேயே பற்றாமல் போயிற்று. குராலை அடுப்பில் இறைச்சிப் பானையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

“அத்தை, இன்னும் தித்திப்பு வேணுமே,” என்றாள் அய்சுலு.

“குளிர்ல இருக்கு பாரும்மா, ஜாடி வரிசையில,” என்றாள் குராலை, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

குராலை சொன்னது அல்தாய் மலைப்பக்கத்திலிருந்து தன் சித்தி அனுப்பிய தேன் டப்பாவை. அது குளிரில் வெள்ளையாகக் கல்லாகி, கடைசி ஜாடிக்குப் பின்னால் கிடந்தது. அய்சுலு கண்ணுக்கு முன்வரிசையில் நின்ற உயரமான குப்பிதான் பட்டது, மேலே மாமனார் கையெழுத்தில் அந்தச் சொல்லும் இருந்தது. மூடியைத் திறந்து முகர்ந்தாள், அந்த வீட்டில் எப்போதும் அடிக்கிற மணம். மணம் போய்விடக் கூடாதே என்று அடுப்பை அணைத்தபிறகு ஊற்றினாளாம். எவ்வளவு பொறுப்பு பாருங்கள். ருசி பார்க்கவும் இல்லை. பெரியவர் வாயில் வைக்குமுன் செய்தவள் ருசி பார்ப்பது அந்த வீட்டில் வழக்கமில்லை.

மெய்ராம் அப்போது கீழே கார்களை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தான்.

கடைசித் தேநீரோடு தேன் குவியல் வந்தது. அய்சுலு இரண்டு கையாலும் ஏந்தி வந்து பல்ஜான் அம்மா முன்னால் வைத்துத் தலை குனிந்தாள். பெரியவர் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். அவருக்கு இரண்டு ஆள் தள்ளி நான் உட்கார்ந்திருந்தேன். மெல்லும் வாய் ஒரு கணம் நின்றது. கண்ணில் தண்ணீர் கோத்தது. பேரன் பெண்டாட்டி கைப்பண்டம், மனம் நிறைந்துவிட்டது என்று நினைத்து நானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். பிறகு அவர் விழுங்கினார்.

“இது என் பேர்ல செஞ்ச பண்டம்,” என்றார். “ஒருத்தருக்கும் தர மாட்டேன். எல்லாம் எனக்குத்தான்.”

எல்லோரும் சிரித்தோம். பெரியவர் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தபடியே இன்னொரு துண்டு தின்றார், அப்புறம் இன்னொன்று. தட்டைத் தன் தலைத்துணியால் மூடித் தானே எடுத்துக்கொண்டு போய் அறையில் வைத்துவிட்டு வந்தார். விருந்தாளிகள் கிளம்பும்போது பெரியவர் தன் கையால் பண்டங்களைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார், வீட்டில் இருக்கும் குழந்தைகளுக்கு. அதைக் கைப்பங்கு என்போம். அன்றைக்கு என் கைக்கு வந்த பொட்டலத்தில் இறைச்சியும் பொரித்த ரொட்டியும் மிட்டாயும் இருந்தன. தேன் குவியலில் ஒரு துண்டுகூட இல்லை. எனக்கு உள்ளூரக் கோபம்தான். எழுபத்தைந்து வயதில் இப்படி ஒரு கஞ்சத்தனமா? களைப்பாக இருக்கிறது என்று சொல்லிப் பெரியவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

வெளிச்சம் மங்குகிற நேரம். நான் என் ஸ்டூல்களை எடுக்கத் திரும்பிப் போனேன். மெய்ராம் பால்கனிக் கதவருகே அந்தக் குப்பியை வெளிச்சத்துக்குப் பிடித்தபடி நின்றிருந்தான். அடியில் கொஞ்சம்தான் இருந்தது.

“இத யாரு எடுத்தது?” என்றான்.

“நாந்தான் மாமா, பாகுக்கு,” என்றாள் அய்சுலு. பாராட்டப் போகிறான் என்று நினைத்தவள்போல் அவள் முகம் மலர்ந்திருந்தது.

மெய்ராம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அது பாகு இல்லை, விஷம் என்று சொன்னான். ஒரு துண்டு போதும் ஒரு குழந்தைக்கு என்றான். கைப்பங்கு எத்தனை வீட்டுக்குப் போயிற்று, எத்தனை குழந்தைகள் என்று குராலையைக் கேட்டுக்கொண்டே இருந்தான். அவள் அதற்குள் போனை எடுத்துவிட்டாள். எனக்குத்தான் தரவில்லை, சொந்தப் பேரப்பிள்ளைகளுக்குப் பெரியவர் ரகசியமாக வைத்துக் கட்டியிருப்பார் என்ற பயத்தில் வேறெதுவும் எங்கள் மண்டையில் ஏறவில்லை.

மூத்த ஓரகத்திதான் முதலில் எடுத்தாள். காரில் போய்க்கொண்டிருந்தார்கள், பின்னால் பிள்ளைகள் கத்துவது கேட்டது. தித்திப்பைத் தின்னக் கொடுத்துவிடாதீர்கள் என்று குராலை கெஞ்சினாள். எந்தத் தித்திப்பு, மிட்டாயா, ஜாமா, எல்லாமே தித்திப்புதானே என்று அந்தப் பக்கம் கேட்டது. குராலை வாயைத் திறந்து மூடினாள். சாத்தியிருந்த மாமியார் அறைக் கதவை ஒருமுறை பார்த்தாள். அவளுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம்.

“தேன்,” என்று கத்தினாள். “தேன், தேன். தேன் குவியல். பிள்ளைங்க வாயில வைக்க விடாதீங்க.”

அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நானும் என் போனை எடுத்தேன். சன்ஜாரும் எடுத்தான். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரே பதில், சிலரிடம் கொஞ்சம் எரிச்சலோடு. எங்கே கொடுத்தாங்க, உங்க அம்மாவுக்கு மனசு வரலையே என்றார்கள். கடைசி ஆளும் அதையே சொன்னதும் நான் அப்பாடா என்று ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கஞ்சத்தனத்துக்குக் கோயில் கட்டலாம் என்றுகூட வாய்க்கு வந்தது. நிமிர்ந்து பார்த்தால் மெய்ராம் அங்கே இல்லை.

அம்மாவின் அறைக் கதவைத் திறந்துகொண்டு நின்றான். உள்ளே புளித்த வாடையும் தேன் கேக் வாடையும் சேர்ந்து அடித்தன. பல்ஜான் அம்மா கட்டிலோரம் ஒருக்களித்துக் கிடந்தார். நெற்றியெல்லாம் முத்து முத்தாக வியர்வை, தலையணை நனையும்படி வாயிலிருந்து நீர் வழிந்தது. வாந்தி எடுத்த பாத்திரத்தைக் கட்டிலுக்கடியில் தள்ளிவைத்திருந்தார், சத்தம் வெளியே கேட்காமல் எடுத்திருக்கிறார். பக்கத்திலேயே தலைத்துணி மூடிய தட்டு.

மகனைப் பார்த்துக் கையசைத்தார். குனிந்தான்.

“மொளகுத்தூள் விழுந்திருச்சு போலடா,” என்றார். “தொண்டை எரியுது. புள்ள மொதமொதல்ல செஞ்சது. நாலு பேர் முன்னால அசிங்கப்பட்டுருவா. அவகிட்ட சொல்லிராத.”

அய்சுலு எனக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பெரியவர் கொஞ்ச நேரம் மூச்சை இழுத்து இழுத்து விட்டார். பிறகு கண்ணைத் திறக்காமலே, “குராலை என்னைப் பேர் சொல்லிக் கூப்ட்ட மாதிரி இருந்துச்சே,” என்றார்.

சன்ஜார் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டான்.

ஆம்புலன்ஸில் வந்த டாக்டர் சின்ன வயதுக்காரர். என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். மெய்ராம் என்ன செய்வானோ என்று பார்த்தேன். இத்தனை மாதம் எந்தச் சத்தத்துக்குப் பயந்தானோ அந்த பூட்ஸ் சத்தம் அறைக்குள்ளேயே வந்து நின்றது. அவன் ஒளிக்கவில்லை. குப்பியை நீட்டி, இதில் என்ன இருக்கிறது, எவ்வளவு, எங்கே வாங்கினேன், ஏன் தேன் மணக்கிறது என்று கடகடவென்று சொன்னான். டாக்டர் எழுதிக்கொள்ளக்கூட இல்லை, பெரியவரைத் தூக்குங்கள் என்றார். மூன்று மாடியும் மெய்ராம்தான் அம்மாவைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு இறங்கினான். ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட்டித் தருகிறவன்.

மறுநாள் மதியம் பல்ஜான் அம்மா போய்விட்டார்.

நீதிமன்றம் மெய்ராமைச் சிறைக்கு அனுப்பவில்லை. ஊரைவிட்டுப் போகக் கூடாது, குறித்த நாளில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். தீர்ப்பைக் கேட்டு அவன் தலையைத் தூக்கி நீதிபதியைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். இவ்வளவுதானா என்று கேட்பது மாதிரி இருந்தது. இப்போதும் லிஃப்ட் வேலைக்குப் போகிறான், வருகிறான். எதையும் ஊதுவதில்லை. முதல் வெயில் அடித்தபோது ஜாடி வைத்த பால்கனிப் பலகையிலிருந்து அந்த வாசனை மறுபடி கிளம்பி மாடிப்படி வரைக்கும் வந்தது. குராலை சோடா போட்டுத் தேய்த்துப் பார்த்தாள். ஒன்றும் நடக்காமல் அவன் கடப்பாரையால் பலகைகளைப் பெயர்த்துக் கீழே குப்பையில் போட்டான். மழை பெய்தால் எனக்கு இன்னும் வருகிறது. என் வீட்டுக்காரர் தனக்கு எதுவும் வரவில்லை என்கிறார்.

அய்சுலு போய்விடுவாள் என்று நினைத்தேன், போகவில்லை. அவளுக்கு நடந்ததை மறைக்க வழியும் இல்லை, எல்லாவற்றையும் கேட்டவள். யாரும் அவளை ஒரு சொல் சொன்னதில்லை. அதுதான் அவளைத் தின்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

போன வாரம் தேநீருக்குக் கூப்பிட்டார்கள். குராலையின் சித்தி அல்தாயிலிருந்து வழக்கம்போல் டப்பா அனுப்பியிருந்தாள். குராலை அதைத் திறந்து மேசையின் நடுவில் வைத்தாள். செத்தவர் பெயரானாலும் பெயர் பெயர்தான், மருமகள் சொல்லக் கூடாது. பழைய சொல்லோ அந்த வீட்டில் யார் வாயிலும் வருவதில்லை. அய்சுலு வயிற்றில் இப்போது ஆறு மாதம், எதையாவது இனிப்பாகத் தின்ன வேண்டும்போல் இருந்திருக்கிறது. கையை நீட்டினாள், எட்டவில்லை.

“அத்தை,” என்றாள். நிறுத்தினாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்தோம்.

“அது,” என்றாள்.

குராலை டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினாள். மெய்ராம் எழுந்து பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.